கேட்டு போட்டுட்டாங்க

கொருக்குப்பேட்டை கேட்டை ஒட்டினாற்போல டில்லிபாபு வீடு.
கூட்ஸ் வந்தால் சுவர் அதிரும்,
சிக்னல் ஒற்றைக் கோடாக இளைக்கும்,
திரையில் அவன் ஆள்
துப்பாக்கியும் கையுமாக அப்படியே நின்றுவிடுவான்,
பூட்டிவிட்டு மறந்துபோன சைக்கிள் மாதிரி.

"கேட்டு போட்டுட்டாங்கடா" என்பான் மைக்கில்.
நாங்கள் மூவரும் அவனைச் சுற்றி உட்கார்ந்துகொள்வோம்,
எந்த நாட்டிலும் இல்லாத ஊரில்
யாருடையதும் அல்லாத வீட்டின் குளியலறையில்
கதவைச் சாத்திக்கொண்டு.
வெளியே வட்டம் சுருங்கும். குண்டு பறக்கும்.
டில்லி பெட்டி எண்ணுவான், குரல் விட்டு விட்டு வரும்:
முப்பத்தொன்... முப்பத்து நா...
ஐம்பத்தெட்டு முடிந்தால்தான் ஆட்டம்.

காசிமேட்டிலிருந்து செல்வின். அவன் அம்மா
போனுக்குப் பக்கத்தில் வந்து
"இம்தியாசு, சாப்ட்டியாப்பா?" என்பாள்.
பழைய வண்ணாரப்பேட்டையில் அவன் சுட்டுக்கொண்டே
"ஆச்சு ஆன்ட்டி" என்பான்.
அந்த நொடியில் செத்துப்போவான்.
தோற்றுத் தோற்று
ராத்திரி ஒரு மணிக்கு எங்களுக்குப் பசிக்கும்.

பிறகு வெள்ளியிலிருந்து தங்கம்.
தங்கத்திலிருந்து வைரம்.
வீட்டுச் சத்தம் மைக்கில் வரக்கூடாது என்று முதலில் சொன்னது யார்,
ஞாபகமில்லை. நானாக இருக்கலாம்.
காலடி கேட்க வேண்டும் என்றேன்.
கேட்டது.
எதிரியின் காலடி, சரளைக்கல்லா புல்லா என்பதுவரை.

நோட்டில் கட்டம் போட்டேன்:
பெயர், கொன்றது, செத்தது,
விழுந்தவனை எழுப்பியது.
கடைசிக் கட்டத்துக்கு பாயின்ட் கிடையாது என்று தெரிந்ததும்
ஸ்கேல் வைத்து அடித்துவிட்டேன்.
அதன்பின் எங்களில் ஒருவன் அடிபட்டுத் தவழ்ந்து வருகையில்
அவன் பையில் மிச்சமுள்ள தோட்டாவை எண்ணப் பழகினோம்.

ஒருநாள் கூட்ஸ் வந்த நேரத்தில்
இம்தியாஸ் ஒரு சொல் சொன்னான். இங்கே எழுத முடியாது.
டில்லியின் அக்காவைச் சேர்த்துச் சொன்னான்.
எங்கள் நாலு பேருக்கும்
சம்பளத்தன்று ரீசார்ஜ் போட்டுவிடுகிற அக்காவை.
மைக்கில் யாரும் பேசவில்லை.
பெட்டிகள் போய்க்கொண்டிருந்தன. யாரும் எண்ணவில்லை.

போட்டிக்கு இரண்டு நாள் முன்பு டில்லியை எடுத்தேன்.
ஒரு பொத்தான்தான்.
"நிச்சயமாகவா?" என்று போன் கேட்டது.
போனாவது கேட்டது.

இந்தூர்க்காரன் ஒருவனைச் சேர்த்தோம்.
முகம் தெரியாது. பெயரில் இரண்டு நட்சத்திரம், ஒரு மண்டையோடு.
நல்ல கை. எந்த ரயிலும் அவன் வீட்டைக் கடக்கவில்லை.
மூன்றாவது வந்தோம்,
ஆளுக்கு ஆயிரத்து இருநூற்றைம்பது.
பணம் ஏறிய நிமிஷம் கட்டைவிரல் படம் போட்டுவிட்டுப் போனான்.
அடுத்த வாரம் செல்வின்.
இம்தியாஸ் எப்போது போனான் என்று
கவனிக்கவில்லை.

நேற்று தண்டையார்பேட்டை போகும்போது கேட்டு போட்டார்கள்.
வண்டியை அணைத்துக் காலை ஊன்றினேன்.
பெட்டிக்கும் பெட்டிக்கும் நடுவே, எதிர்ப்பக்கம்,
தண்ணீர் கேனோடு ஒருவன்.
தெரிந்தான், மறைந்தான், தெரிந்தான்.
தெரியும்போதெல்லாம் அதே இடத்தில், அதே மாதிரி,
நெட் திணறினால் நிற்பானே, அப்படி.
வாய் மட்டும் அசைந்தது.
நானும் எண்ணினேன், நடுவிலிருந்து, தப்பாக.

கேட்டு ஏறியது. ஆட்டோ முட்டியது, மீன்பாடி வண்டி முட்டியது.
தண்டவாளத்தின் நடுவிலேயே கேனைத் தோள் மாற்றிக்கொண்டு நின்றான்.
"இன்னா ரேங்க் இப்போ?"

வைரத்தைத் தாண்டி மாதம் மூன்றாகிறது.
"தங்கம்தான்டா" என்றேன்.

"வுடு, ஏறிடலாம்" என்றான்.

பின்னால் எவனோ ஹாரன் அடித்தான்.